பச்சைப் பொய்

துறைமுகத் தலைவரின் அறைச் சுவரில் மூன்று கடிகாரங்கள் மாட்டியிருந்தன. மூன்று நாட்டு நேரம். தலைவர் மூன்றையும் நம்பாமல் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி பத்தரை. மூணு மணிக்கு அவங்க வந்துடுவாங்க. அதுக்குள்ள இதை எழுதினது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

மேஜைமேல் கிடந்த ஒரு காகிதத்தை, செத்த பல்லியைத் தள்ளுகிறவர் மாதிரி ஒற்றை விரலால் நகர்த்தினார்.

அண்ணி அதை உடனே எடுக்கவில்லை. முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். பதினெட்டு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கப்பல் சரக்குகளைச் சோதித்தவள் அவள். நனையாத சிமெண்டை நனைந்தது என்றும், ஏற்றவே ஏற்றாத துணி மூட்டையை எரிந்தது என்றும் சாதித்தவர்களைப் பார்த்துப் பார்த்து, பொய்க்கென்று ஒரு வாடை உண்டு என்று தெரிந்துகொண்டவள். இப்போது சொந்தமாகத் துப்பறியும் தொழில். ஊரில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கூடவே அலையும் கொழுந்தன் போகிற இடமெல்லாம் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டு அந்தப் பேரை நிலைநாட்டிவிட்டான்.

கொழுந்தனுக்கு நாற்பத்தொரு வயது. ஜெராக்ஸ் கடை, டிரைவிங் ஸ்கூல், மீன் தொட்டி வியாபாரம் மூன்றையும் திறந்து, மூன்றையும் மூடியவன். அண்ணன் கப்பல் இன்ஜினியர்; வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். அதனால் அண்ணியின் காரை ஓட்டுவதும், அண்ணிக்குப் பதிலாகப் பேசுவதும் இவன் பொறுப்பு. இரண்டாவது பொறுப்பை யாரும் கொடுக்கவில்லை. அவனாக எடுத்துக்கொண்டது.

காகிதத்தையும் அவன்தான் எடுத்தான். கணினியில் அடித்து அச்செடுத்த கடிதம்.

*துரைமுகத் தலைவருக்கு,*
*உங்கள் பச்சை ஹைட்ரஜன் பச்சைப் பொய். மூன்று வாறமாக ஊரை ஏமாற்றுகிறார்கள். கேட்டுப் பார்க்காதீர்கள், போய்ப் பாருங்கள். ஆபத்து வருவதற்க்கு முன், பூட்டிய கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.*
*ஒறு நலம்விரும்பி.*

"துரை முகமாம்," என்றான் கொழுந்தன். "உங்க முகத்தைப் பத்தி எழுதியிருக்கார் போல சார். துரை மாதிரிதான் இருக்கீங்க."

தலைவர் சிரிக்கவில்லை. எழுந்து அறையின் நடுவே இருந்த கண்ணாடிப் பெட்டியைத் தட்டினார். உள்ளே எதிர்காலத் துறைமுகத்தின் பொம்மை உருவம். தீப்பெட்டி அளவில் கப்பல்கள், வரிசையாகப் பச்சை வண்ணம் அடித்த உருண்டைத் தொட்டிகள்.

"இனிமே கப்பலெல்லாம் எண்ணெயில ஓடாதும்மா. ஹைட்ரஜன்லதான் ஓடும். அதை நிரப்பிக்க எல்லாக் கப்பலும் ஒரு துறைமுகத்துக்கு வந்தாகணும். அது நம்ம துறைமுகமா இருக்கணும்னு ஆறு வருஷமா உழைக்கிறோம். இன்னிக்கு வர்றவங்ககிட்ட நாப்பது கப்பல் இருக்கு. சோதனைக்கு நாம கட்டின சின்ன மாதிரி ஆலையைப் பாத்துட்டுக் கையெழுத்து போட்டா, இதைப் போல நூறு மடங்கு பெரிய ஆலை. நாலாயிரம் பேருக்கு வேலை." குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கடிதம் அவங்க கைக்கும் போயிருந்தா எல்லாம் போச்சு. எழுதினவன் படிப்பறிவு இல்லாத ஆள். வரிக்கு ஒரு தப்பு. லோடுமேன் யாராவது இருக்கும்."

"நல்லாப் படிச்சவங்க," என்றாள் அண்ணி.

"ர, ற கூடத் தெரியலயே."

"மூணு இடத்துல தெரியாத மாதிரி இருக்கு. ஆனா 'பச்சைப் பொய்'ல ப் இருக்கு. 'போய்ப் பாருங்கள்'லயும் இருக்கு. 'கதவைத் திறக்கச் சொல்லுங்கள்'ல ரெண்டு ஒற்றும் அது அது இடத்துல உக்காந்திருக்கு. உங்க வாசல் வரவேற்புப் பலகையிலயே ரெண்டு ஒற்று காணோம் சார். இவ்வளவு தெரிஞ்சவங்களுக்குத் துறைமுகம் துரைமுகமாகாது. கிழிஞ்ச சட்டை போட்டுக்கிட்டு வந்த ஆள், காலுல பாலிஷ் போட்ட ஷூவைக் கழட்ட மறந்துட்டார். வேஷம்."

"அப்ப யாரு?"

"அது இருக்கட்டும். இதுல எழுதியிருக்கிறது உண்மையா?"

"யாருன்னுதான் நான் கேட்டேன். உண்மைக்கெல்லாம் இப்ப நேரமில்ல."

சொல்லிவிட்டு அவர் சன்னல் பக்கம் திரும்பினார். கப்பல்கள் வந்து கட்டும் தளம் முழுவதும் காலி. வெகு தூரத்தில், நடுக்கடலில், ஒரே ஒரு சரக்குக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. "அது வேற. ஒன்பது நாளா அங்கயே நின்னு காட்சியைக் கெடுக்குது," என்று முணுமுணுத்தார்.

வெளியே வந்ததும் கொழுந்தன் கதவைக் காட்டினான். பித்தளைப் பலகை: *நல்ல செய்தியுடன் உள்ளே வரவும்.*

"நம்மகிட்ட எந்தச் செய்தியும் இல்லாததாலதான் உள்ள விட்டிருக்காங்க அண்ணி."

"இனிமே இருக்கும். வண்டியை எடு தம்பி. போய்ப் பாக்கச் சொல்லியிருக்காங்க, போய்ப் பாப்போம்."

மாதிரி ஆலை அலைதடுப்புச் சுவரின் கடைசியில் இருந்தது. கூரை முழுக்கச் சூரியத் தகடுகள். கார் அதை நெருங்கும்போது கொழுந்தன் கேட்டான்.

"இந்தப் பச்சை ஹைட்ரஜன் பச்சையா இருக்குமா அண்ணி?"

"எந்த நிறமும் இருக்காது, வாசனையும் இருக்காது. தண்ணியில கரண்ட்டைப் பாய்ச்சினா ரெண்டாப் பிரியும். ஹைட்ரஜனைத் தொட்டியில பிடிச்சுக்குவாங்க, ஆக்சிஜனை வெளிய விட்டுடுவாங்க. அந்தக் கரண்ட் வெயில்லருந்தும் காத்துலருந்தும் வந்தா, அது பச்சை. எரிவாயுவை உடைச்சுப் புகையைக் கிளப்பி எடுத்தா, பச்சை இல்ல. ரெண்டும் ஒரே வாயுதான். பாத்து வித்தியாசம் சொல்ல முடியாது."

"பொறந்த வீட்டை வெச்சுத்தான் மரியாதைன்னு சொல்லுங்க. நம்ம வீட்டு மருமகளுங்க மாதிரி."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். கொழுந்தன் சாலையை மிகுந்த அக்கறையோடு கவனித்தான்.

ஆலை மேலாளர் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஐம்பது வயது, வெள்ளைத் தலைக்கவசம், சட்டைப்பையில் அளவு வாரியாக அடுக்கிய மூன்று பேனாக்கள். ஆனால் சட்டைப் பொத்தான்கள் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தன. கண்ணுக்கடியில் தூங்காதவர்களின் கருப்பு.

"எல்லாம் நல்லா ஓடுதா?" என்றாள் அண்ணி.

"பிரமாதமா. மூணு வாரமா நிறுத்தவே இல்லை." அவர் காட்டிய திரையில் பச்சை எண்கள் ஓடின. இயந்திரத்துக்குள்ளிருந்து உம்மென்று ஒரு சத்தம்.

அண்ணியின் பார்வை திரையில் நிற்கவில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கடைக்குப் போகும் சீட்டு ஒன்று இருந்தது. மேலாளரின் கையெழுத்தில் *சக்கரை, மெழுகுவத்தி, வெங்காய தாள்.* மூன்றையும் யாரோ சிவப்பு மையில் திருத்தியிருந்தார்கள். சர்க்கரைக்கு ஒரு ர், மெழுகுவர்த்திக்கு ஒரு ர், வெங்காயத்துக்கும் தாளுக்கும் நடுவில் நெருக்கியடித்து ஒரு த். ஓரத்தில் 'கவனம்' என்று ஒரு சொல்.

"பிரிஞ்சு வர்ற ஆக்சிஜன் எங்க போகுது?"

மேலாளர் சட்டைப்பைப் பேனாக்களை நேராக்கினார். "பின்னாடி. ஒரு குழாய் இருக்கு. அங்க பாக்கறதுக்கு ஒண்ணுமில்லை மேடம்."

ஒன்றுமில்லாத இடத்தைப் பார்ப்பதுதான் அண்ணிக்குப் பிடித்த வேலை. பின்சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல், கடலைப் பார்த்து வளைந்த தடித்த குழாய். அதன் வாயிலிருந்த வலை கிழிந்திருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குழாய்க்குள்ளிருந்து மஞ்சள் மூக்கோடு ஒரு தலை எட்டிப் பார்த்து, இவர்களைப் பிடிக்காமல் உள்ளே போய்விட்டது.

கொழுந்தன் ஏணி போட்டு ஏறினான். மைனா அவன் காதருகே பறந்து போய்ச் சுவர்மேல் உட்கார்ந்து திட்டியது.

"கூடு அண்ணி. வைக்கோல், கயிறு, பிளாஸ்டிக் உறை, எல்லாம் வெச்சு மெத்தை. நாலு முட்டை. நீலமா, அழகா இருக்கு." ஏணியில் நின்றபடியே யோசித்தான். "இந்தக் குழாய்லருந்து ராப்பகலா காத்து பீச்சி அடிக்கணும்ல? அந்தக் காத்துல எந்த மைனா குடித்தனம் பண்ணும்?"

"கூடு கட்ட ஒரு வாரம். முட்டை போட்டு அடைகாக்கறது அதுக்கு மேல." அண்ணி மேலாளரிடம் திரும்பினாள். "ஆக்சிஜன் வரலன்னா ஹைட்ரஜனும் வரலன்னு அர்த்தம். உள்ள உம்முன்னு கேக்கறது வெறும் விசிறி. சரிதானே?"

மேலாளர் தலைக்கவசத்தைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று நாற்காலிகளைச் சுமந்துகொண்டு வந்தது. அதன் வயிற்றில் 'நான் ஹைட்ரஜனில் ஓடுகிறேன்' என்று எழுதியிருந்தது. ஆலை ஓடவில்லை; வண்டி ஓடுகிறது. அண்ணி கையைக் காட்டி நிறுத்தினாள். ஓட்டி வந்த பெண் இறங்காமலே எட்டிப் பார்த்தாள்.

"வண்டிக்கு எப்பம்மா வாயு நிரப்பறாங்க?"

"முன்னெல்லாம் எப்பப் போனாலும் நிரப்புவாங்க. இப்பக் காலையில ஏழு மணிக்குத்தான். செடி வண்டி வந்து போனப்புறம்."

"செடி வண்டியா?"

"விழாவுக்குத் தொட்டிச் செடி வருதே. மூணு வாரமா தினமும் வருது. ஆலை பக்கத்து ரூம்ல வெச்சுப் பூட்டறாங்க."

கொழுந்தன் சுற்றிலும் பார்த்தான். வாசலில் எட்டுத் தொட்டிகள் இருந்தன. அதில் இரண்டு பிளாஸ்டிக்.

"மூணு வாரமா தினமும் செடி வந்திருந்தா இது துறைமுகம் இல்ல அண்ணி, காடு. இந்நேரம் யானை வந்திருக்கணும்."

அண்ணி ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தாள். ஆலையின் பக்கச் சுவரை ஒட்டிச் சன்னல் இல்லாத ஓர் அறை. இரும்புக் கதவில் பெரிய பூட்டு. கதவில் சாக்கட்டியால் எழுதியிருந்தது: *செடி, உரம்.* அதே அறையின் மறுபக்கச் சுவரில் சாய்த்துத்தான் விழா மேடை எழும்பிக்கொண்டிருந்தது. நூறு நாற்காலிகள். வரவேற்பு வளைவின் உச்சியில், அறைக் கூரையை ஒட்டி உட்கார்ந்து ஒரு வெல்டர் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். பொறிகள் கொத்துக் கொத்தாக அறைச் சுவரில் தெறித்தன.

மேலாளர் அதைப் பார்த்ததும் ஓடத் தொடங்கினார். "நிறுத்துங்க... யார் இங்க வெல்டிங் வெக்கச் சொன்னது... நிறுத்துங்க."

அவர் குரல் கடல் காற்றில் கரைந்தது. கொழுந்தன் குரலை நம்பவில்லை. தரையில் ஓடிய வயரைப் பிடித்துக்கொண்டே போய், மொத்தத்தையும் பிடுங்கி எறிந்தான். பொறி நின்றது. வெல்டர் மேலிருந்து அவனுடைய குடும்பத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார்.

"எல்லாரும் கீழ இறங்கித் தூரமாப் போங்க," என்றாள் அண்ணி. ஃபோர்க்லிஃப்ட் பெண் கேள்வி கேட்காமல் தச்சர்களையும் வெல்டரையும் ஓட்டிக்கொண்டு போனாள். "சாவி, சார்."

மேலாளர் சாவியைப் போட்டார்; பூட்டு மூன்றாவது முயற்சியில்தான் திறந்தது. கதவு திறந்த மறுகணம் அவர் இடுப்பிலிருந்த, வாயுக் கசிவைக் காட்டும் சிறு கருவி கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. உள்ளே இருட்டில், நட்டு வைத்த ஆட்கள் மாதிரி சிவப்பு வாயு உருளைகள் வரிசையாக நின்றன. இருபத்திரண்டு.

"கசியுது," என்றார் மேலாளர். உள்ளே போய், ஒவ்வொரு உருளையாகக் காதை வைத்துக் கேட்டு, ஒன்பதாவதின் திருகை இறுக்கினார். கதவை அகலத் திறந்து, கருவியை வாசலில் வைத்துவிட்டு அவர் வெளியே வந்ததும், மூவரும் கடலோரம் போய் நின்றார்கள். கருவி கத்திக்கொண்டே இருந்தது. பிறகு விட்டு விட்டுக் கத்தியது. பிறகு ஓய்ந்தது. அந்தப் பத்து நிமிடமும் கொழுந்தன் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணிக்கு அவனைக் கொழுந்தனாகத் தெரிந்த இருபது வருடத்தில் அது முதல் முறை.

உருளைகளின் கழுத்தில் ஓர் உரத் தொழிற்சாலையின் முத்திரை இருந்தது. உரம் தயாரிக்க அவர்கள் எரிவாயுவை உடைத்து எடுக்கும் ஹைட்ரஜன்.

"கதவுல உரம்னு எழுதினது பொய்யில்ல அண்ணி," என்றான் கொழுந்தன், குரல் திரும்பி. "உர ஆலையிலருந்துதான் வந்திருக்கு. இவருக்கு முழுசாப் பொய் சொல்லக்கூட வரல."

மேலாளர் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"தண்ணியைச் சுத்தம் பண்ற வடிகட்டி கிழிஞ்சிடுச்சு. உப்பு உள்ள போய், தண்ணியைப் பிரிக்கிற செல் மொத்தமும் அரிச்சுப் போச்சு. மூணு வாரம் ஆச்சு. ஒரு வாரம் சமாளிச்சா மாத்து செல் வந்துடும், மாட்டிட்டா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். ஒரு நாளுக்கு ரெண்டு உருளைன்னு ஆரம்பிச்சது. நிறுத்தத் தெரியல."

"மாத்து செல் வரலயா?"

"வந்துடுச்சு." அவர் நடுக்கடலைக் காட்டினார். "அந்தக் கப்பல்ல இருக்கு. ஒன்பது நாளா நிக்குது. விழாவுக்காகத் தளம் காலியா, சுத்தமா இருக்கணும், எந்தக் கப்பலையும் உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு."

"யாரோட உத்தரவு?"

"சேர்மன் சாரோடது."

கொழுந்தன் தலையில் கைவைத்துக்கொண்டான். "கப்பல் வரக்கூடாதுன்னு துறைமுகமே உத்தரவு போட்டிருக்கு. மாப்பிள்ளையைத் தவிர எல்லாரும் கல்யாணத்துக்கு வாங்கன்னு கூப்பிட்ட மாதிரி."

"அவர்கிட்ட போய்ச் சொல்லியிருக்கலாமே," என்றாள் அண்ணி.

"ரெண்டு தடவை போனேன் மேடம். கதவுல இருக்கிற பலகையைப் படிச்சேன். திரும்பி வந்துட்டேன்."

"குழாய்ல மைனா இருக்கிறது தெரியுமா?"

"தெரியும். விரட்ட மனசு வரல. புது செல் வந்தா ஆக்சிஜனை விட, அந்தப் பக்கம் வேற குழாய் போட்டு வெச்சிருக்கேன்."

உண்மைதான். சுவரின் இன்னொரு மூலையில் புதுக்குழாய் ஒன்று பளபளத்தது. அண்ணி பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். அவர் படித்தார். பாதியிலேயே முகம் மாறியது. முடித்ததும் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனார்.

"இதை எழுதினது நான்தான் மேடம்."

"நீங்க இல்ல."

"நான்தான். மனசு உறுத்திச்சு."

"வெங்காயத்தாளுக்கே ஒற்று போடாதவர், 'திறக்கச் சொல்லுங்கள்'னு எழுத மாட்டார் சார். உங்க மேஜைக் கண்ணாடிக்கு அடியில சிவப்பு மை போட்டவங்க யாரு?"

மேலாளர் கடலைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "என் மனைவி. பள்ளிக்கூடத்துல தமிழ் டீச்சர்."

"கடைச் சீட்டையெல்லாமா திருத்துவாங்க?" என்றான் கொழுந்தன்.

"பக்கத்து வீட்டு 'வாடகைக்கு' போர்டையே திருத்திட்டு வந்தவ."

அண்ணி அவருடைய செல்போனிலேயே எண்ணைப் போடச் சொல்லி, சத்தமாக வைக்கச் சொன்னாள். பள்ளியில் மதிய இடைவேளை. பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல், வணக்கம்கூடச் சொல்லாமல், "கதவைத் திறந்தாச்சா?" என்றது.

"திறந்தாச்சு," என்றாள் அண்ணி, தான் யார் என்று சொல்லிவிட்டு.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். உட்கார்ந்திருக்க வேண்டும். "அவர் நல்லா இருக்காரா?"

"பக்கத்துலதான் இருக்கார்."

"மூணு வாரமா சாப்பாடு பாதி. தூக்கத்துல 'ஆலை ஓடல, உர ஆலை உருளை, கதவு, கதவு, காத்து போகணும்'னு புலம்பல். கேட்டா ஒண்ணுமில்லம்பார். நான் கேட்டா மறைக்கலாம். வேற யாராவது நேர்ல வந்து நின்னா மறைக்க முடியாதுல்ல? அதான் எழுதினேன்." குரல் தணிந்தது. "கோபமா?"

மேலாளர் தலையை ஆட்டினார். போனில் தலையாட்டல் கேட்காது என்று நினைவு வந்து, "இல்ல," என்றார்.

"என்னை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள் டீச்சர்.

"ஒற்றெல்லாம் சரியா இருந்தது. மூணு பிழையும் வேணும்னே போட்ட மாதிரி இருந்தது."

"மூணா?" குரலில் வகுப்பறை வந்துவிட்டது. "நான் நாலு போட்டேனே."

அண்ணி கடிதத்தை வாங்கி மறுபடி படித்தாள். கொழுந்தன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"'வருவதற்க்கு'. ற்-க்குப் பக்கத்துல இன்னொரு ஒற்று வரவே வராது. வருவதற்கு, அவ்வளவுதான். பரவாயில்ல, எங்க தலைமையாசிரியரே அப்படித்தான் எழுதறார்." மணி அடித்தது. டீச்சர் வகுப்புக்குப் போய்விட்டாள்.

"நாலுக்கு மூணு. நூத்துக்கு எழுபத்தஞ்சு," என்றான் கொழுந்தன். "பாஸ்தான் அண்ணி, கவலைப்படாதீங்க."

தலைவர் அறைக்கு அவர்கள் திரும்பும்போது மணி ஒன்றே முக்கால்.

"கண்டுபிடிச்சாச்சா? யாரு?"

"கண்டுபிடிச்சாச்சு. உங்க மேடை வெடிக்கக் கூடாதுன்னு நினைச்ச ஒருத்தர். பேரைச் சொல்ல மாட்டேன். மீதியை இவர் சொல்வார்."

மேலாளர் எதையும் விடாமல், எதையும் குறைக்காமல் சொன்னார். தலைவரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "இப்பவே உங்களை வீட்டுக்கு..." என்று தொடங்கியவர், நடுக்கடல் கப்பலைப் பற்றிக் கேட்டதும் நிறுத்திவிட்டார். எழுந்து சன்னலுக்குப் போனார். ஒன்பது நாளாக அவர் திட்டிய கப்பல் அசையாமல் நின்றது.

திரும்பியபோது குரலில் கெஞ்சல் இருந்தது. "உருளைகளை அப்புறப்படுத்திடலாம். ஆபத்து போயிடும். திரையில எண் மட்டும் ஒரு மணி நேரம் ஓடட்டுமே? நாலாயிரம் பேர் வேலைம்மா."

"ஓடட்டும் சார். நான் வந்த ஒரு மணி நேரத்துல பாத்ததை, அவங்க கூட வர்ற இன்ஜினியர் அரை மணியில பாப்பார். அப்பப் போறது இவர் வேலை மட்டும் இல்ல. இந்தத் துறைமுகத்துலருந்து எது ஏத்தினாலும், இது நிஜமான்னு ஒருத்தன் மோந்து பாப்பான். இருபது வருஷத்துக்கு."

தலைவர் உட்கார்ந்தார். கதவருகே கிறீச் கிறீச் என்று ஒரு சத்தம் கேட்டது. கொழுந்தன் கார்ச் சாவியின் நுனியால் பித்தளைப் பலகையின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க?"

"இது இருந்தா நாளைக்கு யாராவது மறுபடி படிச்சுட்டுத் திரும்பிப் போயிடுவாங்க சார்."

தலைவர் அவனைத் தடுக்கவில்லை. தொலைபேசியை எடுத்தார். "கட்டுப்பாட்டு அறையா? வெளிய நிக்கிற கப்பலை உள்ள கொண்டு வாங்க. ஆமா, நடுத் தளத்துக்கே. விழாவா? விழா ஒரு ஓரமா நின்னுக்கும்."

மூன்று மணிக்கு வந்தவர்கள் ஐந்து பேர். அவர்களுக்குத் தலைமை ஒரு குள்ளமான அம்மாள். நரைத்த தலை, தோளில் கனத்த துணிப்பை, அந்தக் கப்பல் நிறுவனத்தின் மூத்த பொறியாளர். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. எதிரே இரண்டு இழுவைப் படகுகள் ஒரு சரக்குக் கப்பலை மெல்லத் தளத்துக்குள் திருப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி நின்றார்.

தலைவர் எழுதி வைத்திருந்த வரவேற்புரையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு முறை தொண்டையைச் செருமினார். பிறகு நடந்ததைச் சொன்னார், தன் உத்தரவையும் சேர்த்து. அவர் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய உரை அது.

மூத்த பொறியாளர் அரித்துப்போன செல்லைக் கேட்டு வாங்கி, நாக்கை நீட்டச் சொன்ன டாக்டர் மாதிரி உற்றுப் பார்த்தார். "வடிகட்டியை எத்தனை நாளுக்கு ஒருக்கா பாத்தீங்க?"

"மாசத்துக்கு ஒருக்கா," என்றார் மேலாளர்.

"இனிமே?"

"தினமும் காலையில தண்ணியில உப்பைச் சோதிக்கணும். நானே சோதிப்பேன், வேலையில இருந்தா."

பொறியாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தரையைப் பார்த்தார். "மேலாளர் பதவி போச்சு," என்றார் கடைசியில். "வேலை இருக்கு."

மேலாளர் வெள்ளைத் தலைக்கவசத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தொழில்நுட்ப ஆட்கள் போடும் மஞ்சள் கவசம் ஒன்றை ஃபோர்க்லிஃப்ட் பெண் நீட்டினாள். போட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலே, கப்பல் தளத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். செல் இறங்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.

கையெழுத்து நடக்கவில்லை. "அஞ்சு வாரம் கழிச்சு வரேன்," என்றார் பொறியாளர். "எந்த நாள்னு சொல்ல மாட்டேன். ஓடிக்கிட்டிருந்தா அன்னிக்குப் போடறேன்." தலைவர் அதையே பெரிய வெற்றி மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு விதத்தில் அது வெற்றிதான்.

அண்ணியும் கொழுந்தனும் காருக்கு வந்தபோது பின்னாலேயே யாரோ வேகமாக நடந்து வரும் சத்தம். துணிப்பையோடு அந்த அம்மாள்.

"இதைக் கண்டுபிடிச்சது நீங்கதானாமே. எந்த நிறுவனம்?"

"சொந்த நிறுவனம்தான். மொத்தம் ரெண்டு பேர்," என்றாள் அண்ணி.

"இவங்க மூளை, நான் வாய்," என்றான் கொழுந்தன்.

பொறியாளர் பையிலிருந்து ஆறு கோப்புகளை எடுத்துக் காரின் முன்பக்கம் அடுக்கினார். "ரெண்டு மாசமா ஆறு துறைமுகம் பாத்துட்டு வரேன். ஆறுலயும் இதே மாதிரி ஆலை. எதுலயும் ஒரு குறை இல்ல, ஒரு திருகாணி கழண்டதில்ல. இன்னிக்குத்தான் முதல் தடவையா ஒருத்தர் எங்கிட்ட, செல் கெட்டுப் போச்சுன்னு சொல்லியிருக்கார்." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "எனக்கு அந்த ஆறும் பயமா இருக்கும்மா."

அண்ணி மேலே இருந்த கோப்பைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் பளபளப்பான வண்ணப் படம். ஏதோ ஒரு துறைமுகத்தின் சூரியத் தகடுகளுக்கு முன்னால் வரிசையாக நின்று சிரிக்கும் அதிகாரிகள். அடியில் தடித்த எழுத்தில்: *உச்சி வெயிலில் முழு உற்பத்தி. திறப்பு நாள்.*

அவள் அதிகாரிகளின் முகங்களைப் பார்க்கவில்லை. விரலை அவர்கள் காலடிக்குக் கொண்டுபோனாள். நனைந்த சிமெண்ட் தரையில் அத்தனை காலணிகளும் தலைகீழாக, தெளிவாக, இரண்டாவது முறை தெரிந்தன.

கொழுந்தன் குனிந்து பார்த்தான்.

"பின்வரிசையில ரெண்டு பேர் மழைக்கோட்டைக் கழட்டக்கூட இல்லையே அண்ணி."

அண்ணி கோப்பை மூடாமல், காரின் பின்கதவை அந்த அம்மாளுக்காகத் திறந்து பிடித்தாள்.

"ஏறுங்கம்மா. இந்தத் துறைமுகத்துக்கு எந்த வழியாப் போகணும்?"